பெப்பு வெந்நீர் ஊற்றுகளும் சுருமி மலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் பெப்பு நகரத்துக்குப் போகத் திட்டமிடும் நம்மவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை அவரவர் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். கட்டணங்களும் பேருந்து நேரங்களும் மாறக்கூடியவை. கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்சென் ஒன்சென்னு சொல்றாங்களே, சூடான தண்ணிதானே? அதுல என்ன விசேஷம்?

தரைக்கடியிலிருந்து இயற்கையாக வரும் நீருக்குத்தான் அந்தப் பெயர். 1948-ல் வந்த ஜப்பானியச் சட்டப்படி, ஊற்றிலிருந்து வெளிவரும்போது நீரின் வெப்பம் 25 டிகிரிக்குக் குறையக்கூடாது. குறைந்தால், சட்டம் பட்டியலிட்டிருக்கும் தாதுக்களில் ஒன்றாவது சொன்ன அளவுக்கு அதில் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றிவிட்டு அந்தப் பெயரை வைக்க முடியாது.

பெப்பு, க்யூஷு தீவின் கிழக்குக் கரையில் ஓயிதா மாகாணத்தில் இருக்கிறது. ஊற்றுகளின் எண்ணிக்கையிலும் வெளிவரும் நீரின் அளவிலும் ஜப்பானிலேயே முதலிடம். 2,000-க்கும் மேற்பட்ட ஊற்றுகள் உண்டு. ஊருக்குள் எட்டு வெந்நீர்ப் பகுதிகள் இருக்கின்றன: பெப்பு, ஹமவாகி, கன்னவா, கமேகவா, ம்யோபன், கன்கைஜி, ஹொரிதா, ஷிபசெகி. ஒவ்வொன்றின் நீரும் தனிக் குணம் கொண்டது. ஜப்பானில் வகைப்படுத்தியிருக்கும் 10 நீர் வகைகளில் 7 இந்த ஒரே ஊரில் கிடைக்கின்றன.

மலைக்கும் குளியலுக்கும் என்ன சம்பந்தம்? மலையை விட்டுட்டு குளிச்சிட்டு மட்டும் வந்தா போதாதா?

குளிக்கும் தண்ணீரே அந்த மலையிலிருந்து வருவதுதான். ஊருக்கு மேற்கே 1,375 மீட்டர் உயரத்தில் நிற்கும் சுருமி மலையும், அதற்கு வடக்கே இருக்கும் கரன் மலையும் உயிருள்ள எரிமலைகள். அங்கே பெய்யும் மழை நிலத்துக்குள் இறங்கி, ஆழத்தில் சூடாகி, கிழக்குச் சரிவு வழியாகக் கடலை நோக்கி வந்து ஊற்றாகிறது. மழைத்துளி வெந்நீராக வெளியே வர ஏறக்குறைய 50 ஆண்டு ஆகும் என்பது அங்கே வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

மலையடிவாரத்தில் இருக்கும் ம்யோபனில் நீர் அமிலத்தன்மையோடு கந்தக வாடை அடிக்கும். நடுவில் இருக்கும் கன்னவாவில் உப்புச்சுவை தெரியும். கடலோரத்துக்கு வந்தால் வழவழப்பான மென்மையான நீர் கிடைக்கும். மேலே நின்று இந்தச் சரிவை ஒருமுறை பார்த்துவிட்டால், எந்தத் தொட்டியில் ஏன் இப்படி ஒரு நீர் வருகிறது என்பது தானாகப் புரியும். அதனால் அரை நாளாவது மலைக்கு ஒதுக்குங்கள்.

எப்படிப் போறது? டோக்கியோவுல இறங்கித்தான் ஆகணுமா?

வேண்டியதில்லை. சிங்கப்பூரிலிருந்து ஃபுகுவோகாவுக்கு நேரடி விமானம் உண்டு. ஃபுகுவோகாவின் ஹகாதா நிலையத்தில் 'சோனிக்' விரைவு ரயில் பிடித்தால் சுமார் 2 மணி நேரத்தில் பெப்பு. டோக்கியோவிலிருந்து வருபவர்கள் ஓயிதா விமான நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம், முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். ஒசாகாவிலிருந்து இரவுக் கப்பலும் இருக்கிறது. மாலையில் ஏறிப் படுத்தால் காலையில் பெப்பு துறைமுகம். ஒரு இரவு விடுதிச் செலவு மிச்சம், விடியலில் கடலிலிருந்து ஊரின் ஆவிப் புகையையும் மலையையும் சேர்த்துப் பார்க்கலாம்.

ஊருக்குள் சுற்ற கமேனோய் பேருந்துகள்தான். ஒரு நாள் சீட்டு கிடைக்கும். மூன்று முறைக்கு மேல் ஏறி இறங்குவதானால் அதை வாங்குவது நல்லது.

எந்த மாசம் போறது நல்லது?

குளியலுக்குக் குளிர்காலம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தெருவெல்லாம் ஆவி வெள்ளையாக எழும்பும். அதே மாதங்களில் சுருமி உச்சியில் மரக்கிளைகள் உறைபனி படிந்து வெளுத்து நிற்கும். மலைக்கு மே கடைசியும் ஜூன் தொடக்கமும். அப்போது மேல்சரிவுகளில் மியாமாகிரிஷிமா என்ற சிறிய இளஞ்சிவப்புப் பூக்கள் பூக்கும். அதற்கடுத்து ஜூலை நடுப்பகுதி வரை அடைமழை. ஆகஸ்ட், செப்டம்பரில் புயல் வந்தால் கப்பலும் சுருமி மலைக்கு ஏற்றும் ரோப் காரும் நின்றுவிடும்.

ஏப்ரல் தொடக்கத்தில் வெந்நீர்த் திருவிழா நடக்கும். அந்த நாட்களில் பல பொதுக் குளியலறைகளில் கட்டணம் வாங்குவதில்லை. கூட்டமும் அதற்கேற்ப இருக்கும்.

நெஜமாவே ஒட்டுத்துணி இல்லாமத்தான் குளிக்கணுமா? நீச்சல் உடை போட்டுக்கலாமா?

ஆமாம், துணியில்லாமல்தான். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடம். நீலத் திரையில் 男 என்று இருந்தால் ஆண்கள், சிவப்பில் 女 என்று இருந்தால் பெண்கள். சில விடுதிகளில் காலையும் மாலையும் இரண்டையும் மாற்றுவார்கள், அதனால் ஒவ்வொரு முறையும் திரையைப் பாருங்கள். நீச்சல் உடையில் தங்கும் சோப்பும் அழுக்கும் தொட்டியில் கலக்கும் என்பதால் அதை அனுமதிப்பதில்லை. நம் கூச்சம் நமக்குப் பெரிதாகத் தெரிந்தாலும், அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

கூச்சம் விடவே இல்லையென்றால் 'கசோகு-யு' என்று கேளுங்கள். குடும்பத்துக்கென்று தாழ்ப்பாள் போட்ட தனி அறை. ஒரு மணி நேரத்துக்கு, பெரும்பாலும் 2,000 யென்னுக்கு மேல். கணவன் மனைவி, கைக்குழந்தை, உதவி தேவைப்படும் முதியவர்கள் எல்லோருக்கும் இதுதான் வசதி. பொதுக் கூடத்தில் 7 வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகள் எதிர்ப்பாலினக் கூடத்துக்குள் வரக்கூடாது என்பது இப்போதைய வழிகாட்டுதல்.

உள்ள போனதும் முதல்ல என்ன பண்ணணும்? படிப்படியா சொல்லுங்க.

வாசலில் செருப்பைக் கழற்றி அடுக்குங்கள். கட்டணம் செலுத்துங்கள். ஊர்ப் பொதுக் குளியலறைகளில் 100 முதல் 300 யென் வரை இருக்கும், சில்லறை நாணயம் கையில் வேண்டும். துணிகளைக் கூடையிலோ லாக்கரிலோ வைத்துவிட்டு, ஒரு சிறு துண்டோடு மட்டும் உள்ளே போங்கள். சோப்பு, ஷாம்பூ, துண்டு எதுவும் பொதுவாகத் தரமாட்டார்கள்.

அடுத்ததில்தான் பலர் குழம்புகிறார்கள். பெரிய விடுதிகளில் உட்கார்ந்து குளிக்க வரிசையாக ஷவர் இருக்கும். பெப்புவின் பழைய குளியலறைகள் பலவற்றில் ஷவரும் இல்லை, குழாயும் இல்லை. நடுவில் ஒரு தொட்டி, ஓரத்தில் சில வாளிகள், அவ்வளவுதான். தொட்டி ஓரமாகக் குந்தி உட்கார்ந்து, வாளியில் மொண்டு, முதலில் காலில், பிறகு தொடை, இடுப்பு, தோள் என்று மேல்நோக்கி ஊற்றுங்கள். உடம்பு சூட்டுக்குப் பழகுவதற்காகத்தான் இந்த வரிசை. சோப்புப் போட்டால் தொட்டிக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, நுரை தொட்டிக்குள் தெறிக்காமல் முழுக்கக் கழுவுங்கள். வாளியைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

சுத்தமான பிறகே தொட்டி. நீளமான முடியைத் தூக்கிக் கட்டுங்கள். தலையில் எண்ணெய் இருந்தால் விடுதியிலேயே அலசிவிட்டு வாருங்கள், எண்ணெய் நீர்மேல் படலமாக மிதக்கும். துண்டு தண்ணீரில் படக்கூடாது, மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ளலாம். முங்கிக் குளிப்பதும் நீந்துவதும் கூடாது. வெளியே வரும்போது உடை மாற்றும் இடத்துக்குப் போகும் முன் துண்டைப் பிழிந்து உடம்பைத் துடையுங்கள். அந்த இடத்தின் தரையை ஈரமாக்குவதுதான் வெளியூர்க்காரர்கள் அதிகம் செய்யும் தவறு.

தண்ணி தாங்க முடியாத சூடு! பச்சைத்தண்ணி கலந்துக்கலாமா? எவ்வளவு நேரம் இருக்கலாம்?

பெப்புவின் பழைய தொட்டிகள் 42 முதல் 45 டிகிரி வரை இருப்பது சாதாரணம். ஊற்றில் சில இடங்களில் 100 டிகிரியை நெருங்கும் நீரை ஆற வைத்துத்தான் விடுகிறார்கள். பச்சைத்தண்ணி கலந்தால் தாதுக்களும் நீர்த்துப்போகும். அதைத் தவிர்க்க, 1922-ல் தொடங்கிய ஹ்யோதன் ஒன்சென்னில் மூங்கில் விளார்களை அடுக்கி அவற்றின் வழியே கொதிநீரை வழியவிட்டுக் குளிரவைக்கும் ஒரு அமைப்பு இருக்கிறது.

குளிர்நீர்க் குழாய் இருந்தாலும் நீங்களாகத் திறக்காதீர்கள். உள்ளே இருப்பவர்களிடம் கைகாட்டிக் கேட்டுவிட்டு, உங்கள் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் விடுங்கள். சூட்டைத் தாங்க வழி, உள்ளே போனதும் அசையாமல் இருப்பது. அசைந்தால் தோலருகே இருக்கும் சற்று ஆறிய நீர் விலகிப் புதுச்சூடு வந்து படும். முதல்முறை 3 முதல் 10 நிமிடம். பழகிய பிறகும் 15, 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நெற்றியில் வியர்வை அரும்பினால் எழுந்திருக்கும் நேரம். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், ஓரத்தில் சற்று உட்கார்ந்து எழுங்கள்.

தாலி, கொலுசு, மோதிரம் எல்லாம் கழட்டணுமா?

வெள்ளியைக் கட்டாயம் கழற்றுங்கள். கந்தக நீரில், ஏன், ம்யோபனின் ஆவிக்காற்றிலேயே கூட வெள்ளி கறுத்துவிடும். கொலுசும் மெட்டியும் விடுதியிலேயே இருக்கட்டும். தங்கம் கறுக்காது, ஆனால் 22 காரட்டில் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் அமில நீரில் பொலிவு மங்கக்கூடும்.

தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்லி விதி எதுவும் இல்லை. மஞ்சள் கயிறாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். மஞ்சள் சூட்டில் கரைந்து பொதுத்தொட்டியில் இறங்கும். கயிற்றோடுதான் குளிக்க வேண்டுமென்றால் மேலே சொன்ன தனி அறையே நல்லது. ரப்பர் பட்டை போட்ட கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள்.

பச்சை குத்தியிருக்கேன். உள்ள விடமாட்டாங்களாமே?

பெரிய விடுதிகளின் பொதுக்கூடங்களில் தடை இருக்கலாம். ஊர்ப் பொதுக் குளியலறைகள் பலவற்றில் தடை இல்லை, இந்த விஷயத்தில் பெப்பு மற்ற ஊர்களைவிடத் தாராளம். சுற்றுலாத் தகவல் மையத்தில் பச்சை குத்தியவர்களை அனுமதிக்கும் குளியலறைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டிமார் கையில் இருப்பதுபோலச் சிறிய பச்சையென்றால் தோல்நிறத்தில் ஒரு ஒட்டுப்பட்டை போதும்.

அம்மாவுக்கு பி.பி., சுகர் ரெண்டும் இருக்கு. மனைவி கர்ப்பம். கூட்டிட்டுப் போகலாமா?

ரத்த அழுத்தம் மருந்தால் கட்டுக்குள் இருந்தால் 40 டிகிரி அளவுள்ள மிதமான தொட்டியில், மார்புக்குக் கீழே நீர் இருக்கும்படி, சில நிமிடம் உட்காரலாம். 42-க்கு மேல் வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் இறங்கக்கூடாது. காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாமல் கொப்புளம் வரும், கையால் தொட்டுப் பார்த்த பிறகே கால் வைக்க வேண்டும். காய்ச்சல், ஆறாத புண், தீவிர இதய நோய் இருந்தால் குளியலே வேண்டாம்.

கர்ப்பிணிகள் குளிக்கக்கூடாது என்று பழைய பலகைகளில் எழுதியிருக்கும். ஜப்பானியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2014-ல் அந்தத் தடையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனாலும் வழுக்கும் தரையும் தலைசுற்றலும்தான் உண்மையான ஆபத்து. மருத்துவரிடம் கேட்டுவிட்டு, துணையோடு, குறைந்த நேரம்.

அந்த 'நரகம்' எல்லாத்துலயும் குளிக்கலாமா? ஏழு நரகத்தையும் பார்க்கணுமா?

குளிக்க முடியாது, கண்ணால் பார்க்க மட்டும். பெப்புவின் ஏழு கொதி ஊற்றுகளைத்தான் 'ஜிகோகு' என்கிறார்கள், ஜிகோகு என்றால் நரகம். கொதிநீரும் சேறும் பீறிட்டு, பயிர் எதுவும் வைக்க முடியாமல் கிடந்த நிலத்துக்கு அந்தப் பெயர் நிலைத்தது. கடல் நரகமான உமி ஜிகோகுவின் நீலநீர் 98 டிகிரி. ரத்தக்குளமான சினோஇகே, இரும்புச்சத்து கலந்த சேற்றால் சிவந்தது, சுமார் 78 டிகிரி. சூறாவளி நரகமான தத்சுமாகி 30, 40 நிமிடத்துக்கு ஒருமுறை பீய்ச்சி அடிக்கும்.

ஐந்து நரகங்கள் கன்னவாவில் நடைதூரத்தில் உள்ளன. சினோஇகேயும் தத்சுமாகியும் சில நிமிடப் பேருந்துப் பயணத்தில், ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே. ஏழுக்கும் சேர்த்து ஒரே சீட்டு உண்டு, இரண்டரை மணி நேரம் வேண்டும். நேரம் இல்லையென்றால் எங்கள் தேர்வு உமி, சாம்பல்நிறச் சேறு மொட்டைத்தலைகளாகக் கொப்பளிக்கும் ஒனிஇஷிபோசு, சினோஇகே மூன்றும்தான். ஒனியாமாவில் 1923 முதல் வெந்நீரின் சூட்டில் முதலைகளை வளர்க்கிறார்கள், குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

மணல்ல புதைக்கிறாங்களாமே, மூச்சு முட்டாதா?

தகேகவாரா ஒன்சென்னில் இதைச் செய்யலாம். 1879-ல் தொடங்கிய இடம், இப்போது நிற்கும் மரக்கட்டடம் 1938-ல் கட்டியது. வெறும் உடம்பில் யுகாதா என்ற பருத்தி அங்கியைப் போட்டுக்கொண்டு படுத்தால், வெந்நீர் ஊறிய மணலைக் கழுத்துவரை அள்ளிப் போடுவார்கள். 10 முதல் 15 நிமிடம். மணல் ஈரமாக இருப்பதால் மார்பில் கனம் தெரியும். பயமாக இருந்தால் கைகளை வெளியே விட்டுக்கொள்ளக் கேளுங்கள். எழுந்ததும் மணலைக் கழுவிவிட்டு அங்கேயே தொட்டியில் இறங்கலாம்.

கட்டணம் 1,500 யென் அளவில். வார இறுதியில் காத்திருப்பு நீளும், அதனால் காலையிலேயே போய்ப் பெயர் கொடுங்கள். மணல் வேண்டாம், குளியல் மட்டும் என்றால் சில நூறு யென்தான்.

சுத்த சைவம் நாங்க. பட்டினி கிடக்கணுமா?

ஜப்பானில் சைவத்துக்குச் சிக்கல் இறைச்சியால் வருவதைவிட 'தாஷி'யால் வருவது அதிகம். அது மீன்கருவாட்டில் இறக்கிய சாறு, நூடுல்ஸ் குழம்பிலும் காய்க்கூட்டிலும் இருக்கும். "மாமிசம் இல்லை" என்று சொன்னால் மீன்சாறு இருப்பதை யாரும் சொல்லமாட்டார்கள். "நிகு மோ சகனா மோ தாஷி மோ தபேமாசென்" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். விடுதியில் இரவுச் சாப்பாடு வேண்டுமென்றால் முன்பதிவின்போதே எழுத்தில் தெரிவித்தால்தான் ஏற்பாடு செய்வார்கள்.

கன்னவாவின் 'ஜிகோகு-முஷி' உங்களுக்கென்றே அமைந்ததுபோல இருக்கும். ஊற்றிலிருந்து வரும் ஆவியிலேயே காயை வேகவைப்பது. பொதுச் சமையல்கூடத்தில் அடுப்பை நேரக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, காய்களை அங்கேயே வாங்கலாம், கொண்டும் போகலாம். தடித்த கையுறை போட்டுக்கொண்டு கூடையை இறக்கி மூடுங்கள். ஆவி கையைச் சுட்டுவிடும், திறக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள். பரங்கிக்காயும் கேரட்டும் சுமார் 15 நிமிடம், சோளக்கதிர் 20, சக்கரவள்ளிக்கிழங்கு முழுசாக இருந்தால் 30. சக்கரவள்ளியை முதலில் போட்டுக் கீரையைக் கடைசியில் வைக்காவிட்டால் கீரை குழைந்துவிடும். ஆவியிலேயே லேசான உப்பு இருப்பதால் காய் இனிப்பாகத் தெரியும். தொட்டுக்கொள்ளத் தரும் 'பொன்சு'வில் பெரும்பாலும் மீன்சாறு கலந்திருக்கும், நீங்கள் கொண்டுபோகும் பொடியே போதும். மாறுதலுக்கு ஊருக்குள் இந்திய உணவகமும் உண்டு. 2000-ல் இங்கே தொடங்கிய ரித்சுமெய்கன் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்கள் ஏராளம்.

ரோப் கார்ல போனா உச்சிக்கே போயிடலாமா?

கிட்டத்தட்ட. 1962 முதல் ஓடும் இந்த ரோப் கார், 503 மீட்டர் உயரத்திலிருக்கும் அடி நிலையத்திலிருந்து 1,300 மீட்டருக்கு 10 நிமிடத்தில் ஏற்றும். ஒரு பெட்டியில் 101 பேர் நிற்கலாம், 20 நிமிடத்துக்கு ஒன்று. அங்கிருந்து உச்சிக்குப் படியும் பாதையுமாக 15 நிமிட நடை. வழியில் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களின் சிறு சன்னதிகள். உச்சியிலிருந்து ஒருபக்கம் பெப்பு வளைகுடா, மறுபக்கம் யுஃபு மலையின் இரட்டை முடி.

ஊரைவிட மேலே ஏறக்குறைய 8 டிகிரி குறைவு. ஊரில் 10 டிகிரி என்றால் மேலே 2, காற்றடித்தால் இன்னும் மோசம். குளிர்காலத்தில் வழுக்காத காலணியும் காதை மூடும் தொப்பியும் வேண்டும். பலத்த காற்றுக்கு வண்டியை நிறுத்துவார்கள், அதனால் கிளம்பும் முன் காலையில் கேளுங்கள். மேகம் மலையை மூடியிருந்தால் அன்றைக்குச் சீட்டு வாங்காதீர்கள், மேலே வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாது.

நடந்தே ஏற ஆசை. முடியுமா?

சுருமிக்கு, ஹோனோ ஹோனோமே என்ற கோயில் பக்கமிருந்து காட்டுவழியாக 2 மணி நேர ஏற்றம். இந்த மலையின் இரு முடிகளையே ஆண், பெண் தெய்வங்களாக வணங்கும் கோயில் அது. ஏறியபின் ரோப் காரில் இறங்கலாம், முழங்காலுக்கு நல்லது. ஏப்ரலில் கடற்கரை மணலில் தொடங்கி 1,375 மீட்டர் உச்சியில் முடியும் நடைவிழாவும் நடக்கிறது.

யுஃபு மலை 1,583 மீட்டர், இன்னும் கடினம். பெப்புவிலிருந்து யுஃபுயின் போகும் பேருந்தில், இடையில் மலையேற்ற வாசல் நிறுத்தத்தில் இறங்க வேண்டும். இரு முடிகளுக்கு நடுவேயுள்ள மதாஎ என்ற பள்ளம்வரை சுமார் 2 மணி நேரம். அங்கிருந்து கிழக்கு முடி சுலபம். மேற்கு முடிக்குச் சங்கிலியைப் பிடித்துப் பாறையில் ஏற வேண்டும், ஈரமாக இருந்தால் தொடாதீர்கள். மேலே தண்ணீர் கிடையாது, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் எடுத்துப்போங்கள். திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே படம் எடுத்து வையுங்கள், ஒன்றை விட்டால் வெகுநேரம் நிற்க வேண்டிவரும்.

எரிமலைன்னு சொல்றீங்க, திடீர்னு வெடிச்சா?

சுருமி கடைசியாகப் பெரிதாகச் சீறியதற்கான எழுத்துப்பதிவு 867-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இப்போதும் கருவிகள் வைத்துக் கண்காணிக்கிறார்கள். எச்சரிக்கை 1 முதல் 5 நிலைவரை. வழக்கமாக இங்கே நிலை 1. 2022 ஜூலையில் கரன் மலைப்பக்கம் நிலை 2 ஆக உயர்த்தி, அந்த மாதத்திலேயே மீண்டும் 1 ஆக்கினார்கள். ஜப்பான் வானிலை அமைப்பின் தளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

அன்றாடத்தில் கவனிக்க வேண்டியது ஆவித்துளைகளை. ம்யோபனில் வேலிக்கு அப்பால் கால் வைக்காதீர்கள், மேற்பரப்பு மெல்லிய ஓடாக இருந்து உள்ளே கொதிக்கலாம். காற்றில்லாத பள்ளத்தில் கந்தகவாயு தேங்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் அங்கே நிற்க வேண்டாம்.

ஒரே நாள்தான் இருக்கு. மலை முதலா, குளியல் முதலா?

மலை முதலில். காலை 9 மணி ரோப் கார், மேகம் சேர்வதற்கு முன். 11 மணிக்குக் கீழே இறங்கிக் கன்னவா, ஆவிச்சமையல், மூன்று நரகம். பிற்பகல் ம்யோபனில் ஒரு குளியல், இருட்டியதும் தகேகவாராவில் இன்னொன்று. கடுமையான அமில நீர் முதலில், மென்மையான நீர் பிறகு என்ற வரிசை தோலுக்கு இதம். மலையேறிய களைப்போடும் சாப்பிட்ட உடனேயும் தொட்டியில் இறங்காதீர்கள், அரை மணியாவது போகட்டும். ஒரு நாளில் மூன்று குளியலுக்கு மேல் போனால் உடம்பு தளர்ந்து, தலைவலியும் வாந்தி உணர்வும் வரும். அங்கே அதற்கு 'யு-அதாரி' என்று பெயரே உண்டு.

குளிச்சு முடிச்சதும் நல்ல தண்ணில ஒருதரம் ஊத்திக்கணுமா?

பொதுவாக வேண்டாம். தாதுக்கள் தோலில் தங்கட்டும், ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும். ம்யோபன் போன்ற அமில நீரிலும், எளிதில் சிவக்கும் தோலுக்கும், குழந்தைகளுக்கும் மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இடுக்குகளில் எரியும். கந்தக வாடை துணியிலும் துண்டிலும் இரண்டு மூன்று நாள் இருக்கும். அந்தத் துண்டைத் தனி பையில் கட்டிப் பெட்டியில் வையுங்கள், பட்டுப்புடவையோடு சேர்த்து வைக்காதீர்கள்.